துணைக்கு ஒரு கை கோதுமை

1

எங்கள் வீட்டு மாவு மெஷினுக்கு இன்றோடு ஒரு வயது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஓடத் தொடங்கும், பத்தே முக்காலுக்கு நின்றுவிடும். இந்த ஜெர்மன் ஊரில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் விதிப்புத்தகம் மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை சத்தம் கூடாது என்கிறது. கீழ்வீட்டுக்காரர் அந்த விதியை மனப்பாடம் செய்தவர். மெஷின் வந்த முதல் மாதமே கதவில் ஒரு சீட்டு ஒட்டிவிட்டுப் போனார். நடப்பது தொழிற்சாலை என்றால் அனுமதி எண்ணைத் தெரிவிக்க வேண்டுமாம். சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் விசைத்தறி. அங்கே தறி நின்றால்தான் எனக்குத் தூக்கம் கலையும். இதை அவரிடம் சொல்லும் அளவுக்கு என் ஜெர்மன் போதும், ஆனால் சொல்லி என்ன ஆகப்போகிறது.

மெஷின் சின்னது. மரப்பெட்டி, மேலே தானியம் கொட்டும் கூம்பு, உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கல். அதில் நாங்கள் அரைப்பது பாதாமும் நிலக்கடலையும். என் மகள் தாரணிக்குப் பதினான்கு வயது. கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்னும் பசைச்சத்தை அவள் குடல் ஏற்காது. பரோட்டா, ரொட்டி மட்டும் இல்லை, ஒரு துணுக்குக் கோதுமை மாவு விரலில் ஒட்டி வாய்க்குப் போனாலும் குடல் உள்ளே புண்ணாகும். மாத்திரை கிடையாது. ஆயுள் முழுவதும் கோதுமை படாமல் இருப்பது ஒன்றே வழி. அதனால் எங்கள் வீட்டில் ரொட்டி, பிஸ்கட், கேக் எல்லாம் பருப்பு மாவில்தான்.

மெஷினை ஓட்டுவது நான் இல்லை. தாரணிதான் ஓட்டுகிறாள். அரைத்ததைத் தன் டப்பாவில் போட்டுக்கொள்கிறாள். மூடியில் "தாரணியுடையது, தொடாதே" என்று ஜெர்மனில் எழுதி ஒட்டியிருக்கிறாள். சமையலறையில் அவளுக்குத் தனி அலமாரி, தனிக் கரண்டி. ஒரு வருடமாக என் மகள் என் கையால் எதையும் வாங்கிச் சாப்பிடுவதில்லை. பேசுகிறாள், பக்கத்தில் உட்காருகிறாள், சாப்பிட மட்டும் மாட்டாள்.

இன்று காலை மெஷின் ஓடி முடிந்த நேரத்தில் சங்கரன்கோவிலிலிருந்து கோமதி மதினியின் குரல் செய்தி வந்தது. மதினி என் அண்ணனின் மனைவி. செய்தி இவ்வளவுதான்: "தபசுக்கு வாரீங்கள்லா? டிக்கெட் போட்டாச்சா? பிள்ளைக்கு மாவு அரைச்சு வைக்கட்டாட்டி?"

கேட்டதும் போனை மேஜையில் கவிழ்த்து வைத்தேன். ஆறிவிட்டது என்று நான் நினைத்திருந்த கோபம் ஆறவே இல்லை என்று தெரிந்தது. எதற்கு இவ்வளவு என்பதை ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

2

நான் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் ஆவணப் பிரிவில் வேலை செய்கிறேன். ஒரு மெஷினில் இப்போது ஓடும் மருந்துக்கு முன்னால் என்ன ஓடியது, அதை யார் கழுவினார், யார் பார்த்தார் என்ற தாள்களைச் சரிபார்ப்பது என் வேலை. அங்கே ஒரு விதி உண்டு. தப்பாக எழுதியதை அழிக்கக் கூடாது, வெள்ளை பூசக் கூடாது, தாளைக் கிழிக்கக் கூடாது. ஒற்றைக் கோடு போட்டு அடிக்க வேண்டும். அடித்தது என்ன என்று கீழே படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் கையெழுத்து, தேதி, காரணம். பதினேழு வருடமாக இதைச் செய்ததில் என் சொந்த டைரியும் அப்படியே ஆகிவிட்டது. தினமும் எழுதுகிறேன், தமிழில்.

தாரணிக்கு நோய் தெரிந்த நாளிலிருந்து டைரியில் அவள் சாப்பாட்டுக்கு ஒரு பக்கம். இடப்பக்கம் "பாதுகாப்பு", வலப்பக்கம் "சந்தேகம்".

இந்த நாடு இந்த நோயை நன்றாக அறிந்த நாடு. ஆனால் தாள் கேட்கும். ஒவ்வொரு வருடமும் பள்ளி மதிய உணவுக்கு, நோய் "இன்னும் நீடிக்கிறது" என்று டாக்டர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். ஆயுளுக்கும் போகாத நோய் என்று போன வருடத் தாளிலேயே அச்சடித்திருக்கிறது. இருந்தாலும் இந்த வருடமும் நீடிக்கிறதா என்று கேட்பார்கள். பள்ளி அலுவலகப் பெண்ணிடம், என் மகளின் கண் நிறம் இன்னும் கறுப்புதான் என்பதற்கும் சான்றிதழ் வேண்டுமா என்று ஒருமுறை கேட்டேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

மொழியும் சேர்ந்து அடிக்கும். ஜெர்மனில் பாதாமுக்கு மாண்டெல் என்று பெயர். தொண்டைக்குள் இருக்கும் சதைக்கும் அதே பெயர். டாக்டரின் கிளினிக் வரவேற்பில் இருந்தவர் போனில், மகளுக்கு மாண்டெல் இன்னும் இருக்கிறதா, எடுத்தாயிற்றா என்று கேட்டார். நான் சந்தோஷமாக, தினமும் இருநூறு கிராம் இடித்துக் கொடுக்கிறோம் என்றேன். அப்போது தாரணிக்குப் பதினொரு வயது. பக்கத்தில் நின்று கேட்டவள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அப்போதெல்லாம் நாங்கள் சேர்ந்து சிரிப்போம்.

இங்கே கடையில் பாதாம் மாவு பாக்கெட்டில் கிடைக்கும். ஆனால் பின்பக்கம் பொடி எழுத்தில், இதில் கோதுமைத் தடயம் இருக்கக்கூடும் என்று எழுதியிருக்கும். அந்த வரியைப் பார்த்ததும் பாக்கெட்டை அலமாரியிலேயே வைத்துவிடுவேன். தெரிந்தே எப்படி வாங்குவது? எந்த வரியும் எழுதாத மாவு எங்கே கிடைக்கும் என்று யோசித்தபோது எனக்கு வந்த பதில், சங்கரன்கோவில்.

3

போன வருடத்துக்கு முந்தின வருடம், ஆடித்தபசுத் திருவிழாவுக்கு நானும் தாரணியும் ஊருக்குப் போனோம். அண்ணன் கடையநல்லூருக்குப் போய், வளைகுடாச் சரக்கு விற்கும் தெரிந்த பாய் கடையில் பாதாம் வாங்கி வந்தான். நிலக்கடலை திருவேங்கடம் பக்கத்துக் கரிசல் காட்டில் விளைந்தது. தோல் நீக்கி, வெயிலில் காயவைத்து, இரண்டும் சேர்ந்து பன்னிரண்டு கிலோ.

மில்லுக்குப் போகும் முன் மதினியிடம் ஒரு தாள் கொடுத்தேன். நான்கு வரி. கல்லைக் கழற்றித் துடைக்க வேண்டும். அன்றைய முதல் ஈடாக நம்முடையதைத்தான் போட வேண்டும். மாவு பிடிக்கப் புதுத் துணிப்பை. மில் வாளியைத் தொடக் கூடாது. மதினி அதை நான்காக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள். திருவிழா நாள், ரத வீதி முழுக்கக் கூட்டம், வீட்டில் விருந்தாளிகள். நானும் வருகிறேன் என்றதற்கு, கிடக்கட்டும்ட்டி, நீ பிள்ளையக் கூட்டிட்டுக் கோயிலுக்குப் போ, இதுக்கு எதுக்கு ரெண்டு பேரு என்றாள்.

காலை ஆறு மணிக்கு, மில் திறக்கும் முன்பே போய் நின்றிருக்கிறாள். மில்காரர் பால்பாண்டி அண்ணாச்சியைக் கல்லைக் கழற்றவைத்து, தன் முந்தானையாலேயே துடைத்திருக்கிறாள். எட்டு மணிக்கு மாவோடு வந்து, நான் கொடுத்த தாளைத் திருப்பித் தந்தாள். நான்கு வரிக்கும் பேனாவால் டிக் அடித்திருந்தாள். கழுத்தெல்லாம் மாவு, வேர்வை. அந்தத் தாளை டைரியில் ஒட்டினேன். மாவு பட்டுப்போல இருந்தது.

திரும்பி வந்ததும் பட்டியலில் புதுப் பக்கம் தொடங்கி எழுதினேன். இடப்பக்கம், முதல் வரி: "வீட்டு மாவு."

4

ஐப்பசி முடியும்போது தாரணிக்கு வயிற்றுவலி தொடங்கியது. முடி கொட்டியது. மதியம் வீட்டுக்கு வந்ததும் சோபாவில் சுருண்டு படுத்துக்கொள்வாள். இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கோதுமை பட்டதைக் காட்டும் அளவு, இரண்டு வருடமாக இறங்கி வந்தது, திரும்ப ஏறியிருந்தது. டாக்டரின் கடிதத்தில் ஒரே ஒரு சொல்லுக்கு அடியில் கோடு போட்டிருந்தது: டியேட்ஃபேலர். உணவில் நேர்ந்த பிழை என்று அர்த்தம். ஃபேலர் என்ற சொல் பிழைக்கும் வரும், குறைக்கும் வரும். நான் அதைக் குற்றம் என்று படித்தேன். குற்றம் என்றால் செய்தவர் ஒருவர் வேண்டுமல்லவா?

பள்ளிக்கு எதிரே ஒரு ரொட்டிக்கடை. மாலை நேரத்தில் அந்தத் தெரு முழுக்க வெண்ணெய் வாசனை அடிக்கும். தாரணியின் தோழி லீனாவும் மற்றவர்களும் அங்கே நின்று உப்புத் தூவிய பிரெட்சல் ரொட்டி தின்றுகொண்டே கதை பேசுவார்கள். நடுவில் நின்று, இவள் எதுவும் தின்னாமல் பேசுவாளாம். அப்படித்தான் சொன்னாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அந்த வயதில் நான் நின்றிருப்பேனா?

அன்றிலிருந்து மாலையில் வந்ததும் ஒரே கேள்வி. இன்றைக்கு வெளியில் என்ன சாப்பிட்டாய். அவளும் ஒரே பதில் சொல்வாள். "சாப்பிடலை, மா." முதலில் நிறைய விளக்கினாள், யார் யார் இருந்தார்கள், என்ன பேசினார்கள் என்று. அப்புறம் விளக்கம் ஜெர்மனுக்குப் போனது. கடைசியில் அந்த இரண்டு சொல் மட்டும் மிஞ்சியது. அந்த மாதங்களில் அவள் தமிழ் மொத்தமும் அவ்வளவுதான்.

நான் அவள் பையைச் சோதித்தேன். இதை எழுதக் கூசுகிறது, ஆனாலும் எழுத வேண்டும். பையின் முன்பக்க அறையில் துணுக்குகள் கிடந்தன. அவற்றை ஒரு சின்னப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மேலே கிழமையும் நேரமும் எழுதி, மேஜையில் வைத்து, இது என்ன என்று கேட்டேன். தொழிற்சாலையில் மாதிரி எடுப்பது போல. தாரணி அந்த உறையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அது நீ செய்து கொடுத்த பிஸ்கட் என்றாள். நான் சிரித்தேன். இவ்வளவு சுலபமாகப் பொய் வருகிறதே என்று நினைத்துச் சிரித்தேன்.

என் கணவர் வேலை காரணமாக வாரத்தில் நான்கு நாள் வேறு ஊரில் இருப்பார். பிள்ளையை விடு என்று போனில் சொல்வார். விட்டால் குடல் புண்ணாகும் என்று நான் கத்துவேன். டைரியில் வலப்பக்கம் பள்ளி உள்ள நாளெல்லாம் ஒரு வரி ஏறிக்கொண்டே போனது.

5

அந்தக் காலத்தில் சரியான கேள்வியை ஒரே ஒருவர்தான் கேட்டார். அவரிடம்தான் நான் சண்டை போட்டேன்.

மருத்துவமனையில் உணவு ஆலோசகர் ஒருவர், என்னைவிடப் பத்து வயது இளையவர். வீட்டில் இருக்கும் எல்லா உணவையும் எழுதி வரச் சொன்னார். நான் தட்டச்சு செய்து, எண் போட்டுக் கொண்டுபோனேன். அவர் விரல் முதல் வரியிலேயே நின்றது. இந்த மாவை யார் அரைத்தது என்றார். என் குடும்பம் என்றேன். பெருமையாகவே சொன்னேன். லேபிள் அட்டை ஏதும் உண்டா என்றார். வீட்டு மாவுக்கு எதற்கு அட்டை என்றேன். அரைத்த மெஷினில் வேறு என்ன அரைப்பார்கள் என்று கேட்டார்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அவர் கேட்டது மெஷினைப் பற்றி. என் காதில் விழுந்தது, உங்கள் ஊர் அழுக்கு என்பது. இந்த நாட்டில் இருபது வருடம் இருந்துவிட்டால், சொல்லாததெல்லாம் காதில் விழும். எங்கள் மக்கள் உங்களைவிடச் சுத்தமானவர்கள், முதல் ஈடு போட்டார்கள், கல்லைத் துடைத்தார்கள், என் மதினி விடியும் முன் போய் நின்றாள் என்றெல்லாம் கோபத்தில் உடைந்துபோன ஜெர்மனில் கொட்டினேன். டைரியைத் திறந்து, டிக் அடித்த தாளைக்கூடக் காட்டினேன். அவர் தமிழ்த் தாளை மரியாதையாகப் பார்த்துவிட்டு, சரி என்றார். தாரணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தொழிற்சாலையில் யாராவது அட்டை இல்லாத ஒரு டப்பாவைக் காட்டி, இது என் மதினி கொடுத்தது, சுத்தமானது என்றால் நான் கையெழுத்துப் போடுவேனா? போடமாட்டேன். இங்கே போட்டேன்.

6

மாசியில் மாவு தீர்ந்தது. அதனால்தான் இந்த மெஷினை வாங்கினேன். முதல் சனிக்கிழமை, பத்து மணி, பாதாமைக் கூம்பில் கொட்டினேன். ஐந்து நிமிடம் ஓடியது. அப்புறம் சத்தம் மாறியது, முனகியது, நின்றது. திறந்து பார்த்தால் இரண்டு கல்லுக்கும் நடுவில் பாதாம் வெண்ணெயாகி அப்பியிருந்தது. மாவு ஒரு கரண்டி தேறவில்லை. குறிப்புப் புத்தகத்தைப் பார்த்தேன். எண்ணெய் உள்ள பருப்புகளைப் போட்டால் உத்தரவாதம் செல்லாது என்று இருந்தது. ஊரில் மட்டும் எப்படிப் பட்டுப்போல வந்தது?

கல்லைக் கத்தியால் சுரண்டிக்கொண்டே மதினிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அங்கே மதியம்.

"மதினி, நம்ம மில்லுல பாதாமை எப்படி அரைச்சாரு? இங்கன கல்லுல அப்பிக்கிட்டு இறங்கவே மாட்டேங்கு."

"வெறுமனயா போட்டே? வெறும் பருப்பைப் போட்டா எண்ணெயக் கக்கி அப்பத்தாம்ட்டி செய்யும். துணைக்கு ஒரு கை போடணும்லா."

"துணைக்குன்னா?"

"கோதுமைதான். கிலோவுக்கு ஒரு கை. அது கூட விழுந்தாத்தான் கல்லு வழுக்காம மாவு இறங்கும். அண்ணாச்சி அரிசி போடட்டான்னுதான் கேட்டாரு. நாந்தான் வேண்டாம்னுட்டேன். அரிசின்னா நறநறங்கும், பிள்ளைக்குத் தொண்டையில குத்தும். வீட்டுல இருந்தே சம்பா கோதுமை கொண்டு போயிருந்தேன். கழுவிக் காயவச்சது."

நான் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தேன். அரிசி போட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அண்ணாச்சி அரிசியைத்தான் எடுத்திருக்கிறார். மதினிதான் அதைத் தடுத்து, வீட்டிலேயே கழுவிக் காயவைத்து முடிந்துகொண்டு போன கோதுமையைப் போட்டிருக்கிறாள், அன்போடு.

"கோதுமை ஆகாதுன்னு எத்தனை தடவை சொன்னேன், மதினி?"

"ஆமா. அதுக்காகத்தான் நீங்க இருந்த பதினஞ்சு நாளும் சப்பாத்திக் கட்டையவே வெளிய எடுக்கலையே. உங்க அண்ணனுக்குச் சுகர், அவுகளுக்கே ராத்திரி இட்லிதான் குடுத்தேன். இது வேறட்டி. இது பிள்ளைக்குப் போட்டதில்ல, கல்லுக்குப் போட்டது."

கல்லுக்குப் போட்டது. ஒரு வருடமாக அந்தச் சொல் எனக்குள் அரைபட்டுக்கொண்டே இருக்கிறது. மதினி பொய் சொல்லவில்லை, மறைக்கவும் இல்லை. அவளுக்கு அது மாவில் சேர்ந்த பொருளே இல்லை. மெஷினுக்கு எண்ணெய் விடுவது போல ஒரு காரியம். என் நான்கு வரித் தாளில் அதற்கு இடமும் இல்லை. முன்னால் என்ன அரைத்தார்கள் என்பதற்கெல்லாம் விதி எழுதிய நான், கூட என்ன போடுவார்கள் என்று கேட்கவே இல்லை.

7

அன்று நான் பேசிய பேச்சை எழுதமாட்டேன். டைரியிலும் எழுதவில்லை. பதினேழு வருடத்தில் நான் விட்ட ஒரே நாள் அதுதான். மதினி அழத் தொடங்கியதும் அண்ணன் போனை வாங்கினான். ஒரு கை கோதுமைக்கா இம்புட்டுப் பேச்சு, அப்பம் நாங்க பிள்ளைக்கு விசம் வச்சோம்ங்கியா என்றான். ஆமா, அப்படித்தான் என்றேன்.

விடவில்லை. மறுநாள் அண்ணனை மில்லுக்கே போகவைத்து, அவன் போனில் அண்ணாச்சியிடம் பேசினேன். அவர் குரல் நிதானமாக இருந்தது. "தாயி, நான் கலப்படம் பண்ணுதவன் இல்ல. இம்புட்டு வருசத்துல ஒருத்தர் மாவு ஒருத்தருக்குப் போனதில்ல. வேணும்னா யார்ட்டயும் கேட்டுப் பாருங்க. கோதுமையே நான் சேக்கலை. துணைக்குத்தான் போட்டது." நான் என்ன கேட்டாலும் அந்த இடத்துக்கே திரும்பி வந்தார். கடைசியில் பிள்ளை எப்படி இருக்கு என்று விசாரித்துவிட்டு வைத்தார்.

தப்பு நடந்திருக்கிறது, செய்தவர் என்று பிடிக்க ஒருவரும் இல்லை. இதைப் போல எரிச்சல் உலகத்தில் இல்லை. அன்பாகச் செய்தவரிடம் சண்டை போட்டால் நாம்தான் கெட்டவர் ஆகிறோம். வெளிநாடு போய்ச் சுத்தம் பார்க்கிறாள் என்று ஊரில் பேச்சு. சங்கரன்கோவில் முழுக்க எத்தனையோ பிள்ளைகளுக்கு வயிற்றுவலி இருக்கும், சூடு என்றும் கண்ணேறு என்றும் சொல்லி வெந்தயம் கொடுப்பார்கள். எந்தப் பிள்ளைக்கு என்ன என்று யார் பார்த்தார்கள்? கோதுமை சத்தானது, சுகர்காரருக்கு நல்லது, அவ்வளவுதான். ஒரு கை என்றால் அளவே இல்லை என்று நினைக்கிற ஊர். ஒரு கை உப்பு, ஒரு கை புளி, ஒரு கை கோதுமை.

தாரணியிடம் அன்று மாலையே சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று ஞாபகம் இருக்கிறது. காரணம் கண்டுபிடித்தாயிற்று, மாவில் கோதுமை இருந்திருக்கிறது, இனி சரியாகிவிடும் என்றேன். சோதனை அறிக்கை வாசிப்பது போல. அவள் கேட்டது ஒன்றுதான்.

"நீ குடுத்த மாவா?"

ஆமாம் என்றேன். அவள் ஓகே என்றாள். எழுந்துபோய் மேஜை டிராயரிலிருந்து டேப்பும் பேனாவும் எடுத்து வந்தாள். மெஷினின் கல்லைத் தானே கழுவினாள். அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்தாள். அன்றிலிருந்து இன்றுவரை அப்படியே.

இரத்தப் பரிசோதனையில் அவள் அளவு இறங்கிவிட்டது. முடி வளர்ந்துவிட்டது. துணைக்கு ஒரு கை போடும் வழக்கமும் நின்றுபோகவில்லை. தாரணியும் அப்படித்தான் அரைக்கிறாள், கோதுமைக்குப் பதில் அரிசி. பாதாமை முதல் நாள் ஃப்ரீசரில் வைத்து, அரிசியோடு கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூம்பில் விடுகிறாள். நறநறவென்றுதான் இருக்கிறது. தொண்டையில் குத்துவதாக அவள் சொன்னதில்லை.

8

இன்று காலை மதினியின் குரலை அவளும் கேட்டாள். நான் சமையலறையில் நின்று அரைமணி நேரம் பேசியிருப்பேன். இவ்வளவு நடந்தும் அவளுக்குப் புரியவில்லை பார், திரும்பவும் அரைக்கட்டா என்று கேட்கிறாள் பார், இந்த ஜென்மத்தில் அந்த வீட்டு மாவு இந்த வீட்டுக்குள் வராது, இந்த வருடம் தபசும் கிடையாது ஒன்றும் கிடையாது என்று. தாரணி மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கூம்பைக் கவிழ்த்துத் தட்டிவிட்டுத் திரும்பினாள்.

"அத்தை மேல நீ ஒரு வருசமா கோவப்படுதே. அத்தை என்னையப் பொய் சொல்லுதேன்னு சொல்லலை."

அவள் தமிழில் இவ்வளவு நீளமாகப் பேசி எவ்வளவு நாளாயிற்று என்பதுதான் முதலில் தோன்றியது.

"அப்பம் டைரியில தினமும் எழுதினேல்லா," என்றாள். "என்னையப் பத்தி என்ன எழுதினேன்னு வாசி."

தாரணிக்குத் தமிழ் வாசிக்க வராது. ஞாயிறு வகுப்பை மூன்றாம் வகுப்போடு நிறுத்திவிட்டாள். அந்த மாதங்களில் நான் அவள் கண் முன்னாலேயே, அவள் உட்கார்ந்திருக்கும் மேஜையிலேயே எழுதினேன். படிக்கத் தெரியாது என்ற தைரியம்தான்.

டைரியை எடுத்து வந்து வாசித்தேன். "இன்றும் பொய்." "கேட்டால் அழுகை. நடிப்பு." "பையில் துணுக்கு. பிஸ்கட் என்கிறாள்." "லீனாவின் வீட்டுக்குப் போனாள். நிச்சயம் தின்றிருப்பாள்." "வயிற்றுவலி என்று படுத்தாள். தின்றதன் பலன்." அந்தக் கடைசி வரியில் டைரியை மூடினேன். அவள் காத்திருந்தாள். திரும்ப முதலிலிருந்து வாசித்தேன், அது முடியும்வரை. நிறுத்து என்று அவள் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. வலப்பக்கம் மொத்தம் அறுபத்து மூன்று வரி.

கிழித்துவிடட்டுமா என்று கேட்டேன். உங்கள் ஆபீசில் கிழிப்பீர்களா என்று ஜெர்மனில் கேட்டாள்.

அதனால் நீலப் பேனாவை எடுத்தேன். ஒவ்வொரு வரிக்கும் ஒற்றைக் கோடு, கீழே எழுத்துத் தெரியும்படி. பக்கத்தில் கையெழுத்து, இன்றைய தேதி. காரணம் என்ற இடத்தில் ஒவ்வொன்றுக்கும் முழுதாக எழுதினேன்: "எழுதியவர் தவறு." மேற்படி என்று குறி போட்டு முடித்திருக்கலாம். அவள் எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு கோடாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை வலித்தது. இடப்பக்கத்து முதல் வரியையும், "வீட்டு மாவு" என்பதையும் அடித்தேன். மதினியின் டிக் அடித்த தாளை என்ன செய்ய என்று கேட்டேன். அது இருக்கட்டும், அத்தை செய்ததைத்தானே டிக் பண்ணியிருக்காங்க என்றாள்.

இடப்பக்கம் இன்னும் ஒரு வரி இருந்தது. அந்த மூன்று மாதத்தில் நான் அவளை நம்பிய ஒரே நாள். அதைச் சந்தோஷமாகவே வாசித்துக் காட்டினேன். "வியாழன். லீனாவின் பிறந்தநாள். எதுவும் சாப்பிடவில்லை என்றாள். முகம் தெளிவாக இருந்தது. நம்புகிறேன்." இதை அடிக்க வேண்டியதில்லை, இது சரி என்று சொல்லிப் பேனாவை மூடினேன்.

தாரணி பேனாவை வாங்கித் திறந்தாள்.

"இதுதாம்மா தப்பு," என்றாள். "அன்னைக்குச் சாப்பிட்டேன்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்ததா என்று பார்த்தேன். அதற்குள் அவள் டைரியைத் தன் பக்கம் திருப்பி, ஸ்கேல் வைத்து ஒற்றைக் கோடு போட்டுவிட்டாள். பக்கத்தில் தன் பெயரைத் தமிழில் எழுதினாள், ணகரத்துக்குப் பதில் னகரம் போட்டு. நான் திருத்தவில்லை. காரணம் எழுதும் இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு நிமிர்ந்து, கேக் என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது என்று கேட்டாள். எழுத்துக் கூட்டிச் சொன்னேன்.